ரேடாரில் தெரியாத மழை

அக்னி நட்சத்திரம் பாதி கழிந்திருந்த ஒரு வியாழக்கிழமை காலை, வாலாஜாப்பேட்டையின் காக்கைகளெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அடியில் ஒதுங்கியிருந்த நேரத்தில், குணாளன் சமையலறையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அவன் தலைக்கு ஒரு முழம் மேலே இருந்து மழை பெய்யத் தொடங்கியது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. ஓர் ஆள் கைகளை விரித்து நின்றால் எவ்வளவு இடம் பிடிப்பானோ அவ்வளவு இடத்துக்கு மட்டும், அடுப்பை அணைக்காமல், மிக்ஸியைத் தொடாமல், அவனையும் அவன் கையிலிருந்த தேங்காய் மூடியையும் நனைத்துக்கொண்டு நிதானமாகப் பெய்தது.

முன்னறையில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த அக்கா வனஜா சத்தம் கேட்டு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"இன்னாடா இது?"

"நான்தான்க்கா."

"அது தெரியுது. அரிசி மூட்ட பக்கம் போகாத."

அவளுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்பில், பெரியவனாகி என்னவாகப் போகிறாய் என்று டீச்சர் கேட்டதற்கு, ஆகப்போவது ஒன்றுமில்லை, இப்போதே நான் மழைதான் என்று குணாளன் சொன்னான். வகுப்பு சிரித்தது, டீச்சரும் சிரித்தார், அதன்பிறகு வெகுகாலம் அவனைப் பார்த்த பிள்ளைகள் குடை விரிப்பதுபோல் கைகாட்டிக்கொண்டே போனார்கள். அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னான். அவள் "சரி, வீட்டுப்பாடம் எழுதினியா" என்று கேட்டாள். அதோடு அவன் அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டான். பள்ளிக்கூடம் முடித்தான், பஜார் தெருவில் இஸ்மாயில் பாயின் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலைக்குச் சேர்ந்தான், தலை வாரினான், ஓட்டுப் போட்டான், கல்யாண வீடுகளில் பந்திக்கு இடம் பிடித்தான், மனிதர்கள் செய்கிற எல்லாவற்றையும் மனிதர்கள் செய்கிற மாதிரியே செய்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவன் அவனாக இருந்தது ஒரே இடத்தில்தான். அது போனுக்குள் இருந்த ஒரு வாட்ஸ்அப் குழு. வட மாவட்டங்களில் மொட்டைமாடியில் மழைமானி வைத்து, முந்தின நாள் பெய்ததைக் காலை எட்டரைக்கு அளந்து சொல்கிறவர்களின் குழு. சம்பளம் இல்லாத, யாரும் செய்யச் சொல்லாத வேலை. அந்தக் குழுவில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். குழுவை நடத்துகிற மருந்துக்கடைக்கார அம்மாள் சோளிங்கர். எதற்கெடுத்தாலும் கிண்டல் செய்கிற தபால்காரர் திருவாலங்காடு. விதிகளை எழுதியவர், எழுதியதோடு நிற்காமல் அவற்றைக் காவல் காத்தும் வந்தவர், போளூர். குணாளன் அங்கே வாலாஜா. "நேத்து என்னமா வந்துச்சு தெரியுமா, அப்படியே நின்னு பாத்துட்டு இருந்தேன்" என்று திருவாலங்காடு எழுதும்போது, தன் குடும்பத்தாரைப் பற்றி யாரோ பஸ்ஸில் நல்லவிதமாகப் பேசுவதை ஒட்டுக்கேட்டவன்போல் அவனுக்குக் காது சிவக்கும். மழையைக் கண்டு சிரிக்காத, மழைக்காகக் காத்திருக்கிற மனிதர்கள் அவனுக்குத் தெரிந்தவரை அவர்கள்தான்.

அந்தக் குழுவில் மன்னிக்கப்படாத குற்றம் ஒன்றே ஒன்று: பொய் அளவு. ஆர்க்காட்டுக்காரர் ஒருவர், பருவம் முழுக்கத் தன் ஊர் காய்ந்து கிடந்த வெட்கம் தாங்காமல் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை மானியில் ஊற்றி அளவு சொல்லிவிட்டார். போளூர் நேரில் போனார். சந்தேகம் வந்தால் ஒருவர் போய்ப் பார்த்து வருவதை அவர்கள் 'கருவி பார்ப்பது' என்பார்கள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும், பேனா போன்ற மீட்டரை முக்கினார். ஆர்க்காடு அன்றே நீக்கப்பட்டது. இன்றுவரை ஆர்க்காட்டுக்கு ஆள் இல்லை.

இதெல்லாம் தெரிந்திருந்தும், அந்த வியாழக்கிழமை, மழை தன்மேல் பெய்துகொண்டிருக்கும்போதே குணாளன் மாடிக்குப் போய் மானியை எடுத்து வந்து சமையலறைத் தரையில் தன் காலடியில் வைத்தான். மழை பெய்தால் மானி வைப்பது அவன் கைக்குப் பழகிப்போயிருந்தது. நின்றபின் பார்த்தான். எட்டரைக்கு அனுப்பினான். வாலாஜா: பதினான்கு மில்லிமீட்டர்.

"வாலாஜா பதினாலா?" என்று உடனே போளூரிடமிருந்து வந்தது. "ரேடார்ல ஒரு புள்ளி கூட இல்லியே. பக்கத்துல ராணிப்பேட்டைல என் மச்சான் வெந்துட்டு இருக்கான்."

"தனி மேகமா இருக்கும் போளூர் அண்ணே" என்றது திருவாலங்காடு. "வாலாஜாவுக்கு மட்டும் பார்சல்."

"வாலாஜா, மறுபடி பாத்துச் சொல்லுங்க" என்றது சோளிங்கர்.

தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதினால் முடிந்தது. எழுதினான். எழுதியதைப் பார்த்துக்கொண்டே நின்றான். இட்லித் தட்டைக் கழுவி வைத்தான். திரும்பி வந்து அதை அழித்துவிட்டு வேறொன்று எழுதி அனுப்பினான். "ஊர்ல பெய்யலங்க. வீட்டுக்குள்ள பெஞ்சுது. நான்தான் பெஞ்சேன். நான் மழை. சின்ன வயசுலருந்தே."

யாரோ எழுதத் தொடங்கி நிறுத்தினார்கள். வேறு யாரோ எழுதத் தொடங்கி நிறுத்தினார்கள். கடைசியில் திருவாலங்காடு கேட்டது.

"எந்த மழைங்க? கோடையா, வடகிழக்கா?"

கிண்டல் எங்கே இருக்கிறது என்று குணாளன் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தான். காணவில்லை. "தெரியலங்க. இடி இல்ல" என்று எழுதினான்.

"இடி இல்லன்னா வடகிழக்கு வகையறா. ஆனா மே மாசத்துல இன்னா வேல?"

அங்கே தொடங்கியது. அன்று பகல் முழுக்க, கடையில், ஆபீஸில், டீக்கடையில், பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் போனும் கையுமாக அதைப் பேசினார்கள். மானி திறந்தவெளியில் அல்லவா இருக்க வேண்டும், கூரைக்குக் கீழே வைத்த மானியின் அளவு செல்லுமா என்றார் போளூர். மழைக்கும் மானிக்கும் நடுவில் கூரை வந்தால்தானே தப்பு, இங்கே மழையே கூரைக்குக் கீழேதானே இருக்கிறது என்றது சோளிங்கர். சுவர் பக்கத்தில் இருந்தால் சாரல் குறையுமே என்று ஒருவர். சாரலே அவர்தானே, எங்கே அடிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்று இன்னொருவர். ஒரு மனிதன் எப்படி மழையாக முடியும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லையா, அதற்குப் பொழுது கிடைக்கவில்லையா, தெரியாது.

கடையில் இஸ்மாயில் பாய் அண்ணாந்து பார்த்தார். குணாளன் தீட்டும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது மழை மெல்லியதாக வந்து சாணைக்கல்லின்மேல் விழுந்தது; லென்ஸ் தீட்டத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

"பரவாயில்லியே" என்றார் பாய். "மெஷினுக்குத் தண்ணி நிரப்புற வேல மிச்சம். ஷோகேஸ் பக்கம் மட்டும் வந்துடாத தம்பி, ஃப்ரேமெல்லாம் துரு புடிச்சிடும்."

அந்த ஒரு பகல் குணாளனுக்கு முப்பத்தொரு வயதில் வாய்த்த முதல் பகல்போல் இருந்தது.

சாயங்காலம் குழுவில் இருந்த யாரோ அவன் எழுதியதைப் படம் பிடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. எங்க போர்வெல்லுக்கு ஒரு தடவை வாங்க சார் என்றார்கள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருக்கிறோம், தயவுசெய்து வராதீங்க என்றார்கள். இவனைக் குளிர்காலத்தில் யாரும் கட்டிக்க மாட்டார்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். அவன் முகத்தை எங்கிருந்தோ கண்டெடுத்து, தலைக்கு மேல் பூவாளி வைத்து ஸ்டிக்கர் செய்தார்கள். மறுநாள் கண்ணாடி மாற்ற வந்த ஒருவர், அவன் லென்ஸைப் போட்டுக் காட்டி எழுத்து தெரிகிறதா என்று கேட்டபோது, "தெரியுது, ஆனா கொஞ்சம் மேகமூட்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு நண்பனைப் பார்த்துச் சிரித்தார். மூன்றாம் வகுப்பு மறுபடி வந்து கடை நிறைய உட்கார்ந்துகொண்டதுபோல் இருந்தது.

சனிக்கிழமை அவன் குழுவில் எழுதினான். "எல்லாரும் மன்னிக்கணும். அது குழாய்த் தண்ணி. பதினாலை எடுத்துடுங்க."

அனுப்பியதும் மழை நின்றது. சமையலறைத் தரை காய்ந்தது, அவன் சட்டை காய்ந்தது, உதடு வெடித்தது. எதிரில் வருகிறவர்கள் எல்லோரையும்போல் அவனும் வியர்த்தான். "இன்னாடா, ஆளையே காணோம்?" என்று வனஜா அவன் தலைக்கு மேலே பார்த்துக் கேட்டாள், அடிக்கடி வந்துபோகிற விருந்தாளியைப் பற்றிக் கேட்பதுபோல. குழாய்த் தண்ணீர் என்று ஒப்புக்கொண்டவனுக்கு ஆர்க்காட்டுக்கு நடந்ததுதான் நடக்க வேண்டும். அந்தக் குழுவும் போய்விட்டால் அவன் வெறும் குணாளன். வாழ்நாள் பூராவும் வெறும் குணாளன்.

ஆனால் சோளிங்கர் அவனை நீக்கவில்லை. "கருவி பாக்காம யாரையும் எடுக்கறதில்ல" என்று மட்டும் எழுதியது. "ஞாயித்துக்கிழமை போளூர் வருவார். வீட்ல இருங்க."

வந்தவர் கட்டையான, மீசை வைத்த, இறங்கிய பஸ்ஸின்மேல் இன்னும் கோபம் தீராத மனிதர். தோளில் ஒரு பை, கையில் துண்டில் சுற்றிய இன்னொரு மழைமானி.

"போளூர்" என்றார்.

"ஊரு சரி. பேரு?" என்றாள் வனஜா.

"பேரு தட்சிணாமூர்த்தி. ஆனா அந்தப் பேரச் சொன்னா எனக்கே பேங்க்லருந்து கூப்புடுற மாதிரி இருக்கும்மா. போளூர்னே சொல்லுங்க. வீட்ல அவளே இப்ப அப்படித்தான் கூப்புடுறா."

காபி வேண்டாம் என்றார். மாடியில் மானி வைக்கும் மேடையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். சாய்வு இல்லை. மானியின் வாயை அளந்தார். சரியாக இருந்தது. குனிந்து உள்ளே மோந்து பார்த்தார். கீழே வந்து சமையலறைக் கூரையில் ஒழுகல் இருக்கிறதா என்று விரலால் தட்டிக்கொண்டே போனார்.

"வியாழக்கிழமைத் தண்ணிய கொட்டிட்டீங்களா?"

குணாளன் தயங்கி, அலமாரியில் ஊறுகாய்களுக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய ஜாம் பாட்டிலை எடுத்து வந்தான். கொட்ட அவனுக்கு மனம் வரவில்லை.

போளூர் முதலில் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து மீட்டரை முக்கினார். எண் ஏறிக்கொண்டே போய் ஆயிரத்தைத் தாண்டியது. "இதயா குடிக்கிறீங்க?" என்றார் பதறி. "கேன் தண்ணி வாங்கறோம்" என்றாள் வனஜா. மீட்டரைத் துடைத்துவிட்டு ஜாம் பாட்டிலில் முக்கினார். ஆறு என்று காட்டியது. வெளியே எடுத்து உதறி மறுபடி முக்கினார். ஆறு. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இது குழாய்த் தண்ணி இல்ல."

குணாளன் தரையைப் பார்த்தான்.

"கேனும் இல்ல. எதுவும் இல்ல. மழை."

"ஆமாங்க."

"அப்ப வியாழக்கிழமை நீங்க அனுப்புனது சரி. நேத்து அனுப்புனதுதான் பொய்."

"சிரிக்கறாங்க சார்."

"யாரு?"

"எல்லாரும்."

"சிரிப்பு எத்தன மில்லிமீட்டர்?" என்றார் போளூர். "அத எதுக்குய்யா நீங்க கணக்குல எடுக்கிறீங்க? ஆர்க்காடு, இல்லாத மழைய இருக்குன்னாரு. தூக்கினேன். நீங்க, இருக்கிற மழைய இல்லன்றீங்க. எனக்கு இதுதான் ஜாஸ்தி எரியுது. காத்துக் கெடந்து, எட்டரை எட்டரைக்கு எழுந்திரிச்சி, அரைத் துளி வந்தாலும் விடாம எழுதறோம். நீங்க பதினாலையும் கீழ ஊத்தறீங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் பரிவு என்று எதுவும் இல்லை. உண்மையாகவே கோபமாக இருந்தார். அந்தக் கோபம் குணாளனுக்குள் எங்கேயோ போய்த் தொட்டது. அவன் வாயைத் திறந்து, அது நான்தான் சார் என்றான், பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, நான்தான் என்றான். தலைக்கு மேலே ஏதோ கனத்தது. முதல் துளி போளூரின் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது.

"நகராதீங்க!" என்று போளூர் எகிறி எழுந்தார். "அப்படியே நில்லுங்க. அம்மா, ஃபேன நிறுத்துங்க, காத்துல சாயுது. அந்த ஸ்டூல எடுங்க. சுவத்தவிட்டுத் தள்ளி வாங்க, மெதுவா, மெதுவா, அங்கியே நில்லுங்க." துண்டை உருவித் தன் மானியை அவன் வலது காலருகில் வைத்தார், வனஜா மாடிக்கு ஓடி எடுத்து வந்த அவனுடைய மானியை இடது காலருகில் வைத்தார், ரசமட்டத்தை மாற்றி மாற்றி இரண்டின்மேலும் வைத்துப் பார்த்தார், முழுக்க நனைந்தார், நனைந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நடுவீட்டில் குணாளன் கைகளை ஒடுக்கிக்கொண்டு பெய்துகொண்டிருந்தான், அவன் காலடியில் இரண்டு மழைமானிகளுக்கு நடுவே ஒரு கட்டை மனிதர் குந்தி உட்கார்ந்து, யாரும் பேசக் கூடாது என்பதுபோல் ஒரு விரலைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

நின்றதும் பார்த்தார். இரண்டிலும் மூன்று.

"சரியா இருக்கு" என்றார். அப்போதுதான் காபி கேட்டார்.

ஈரச் சட்டையோடு உட்கார்ந்து குழுவில் எழுதினார்: "கருவி பார்த்தாச்சு. நீர் சரி. மழை சரி. வியாழன் அளவு நிற்கும், சனிக்கிழமைத் திருத்தம் செல்லாது. இன்று பெய்த மூன்று சோதனைக்கு, நாளைக் கணக்கில் சேராது. கூரை விஷயம் பிறகு."

"படம் புடிச்சி வெளிய அனுப்புனது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று சோளிங்கர் எழுதியது. "தானா போறது நல்லது. நான் மருந்துக்கடைக்காரி, யாருக்கு எங்க வலிக்கும்னு எனக்குத் தெரியும்." மத்தியானத்துக்குள் ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறினார்.

பிறகு பெயர்ப் பிரச்சினை வந்தது. வாலாஜா என்று போட முடியாது. ஊரில் பதினான்கு பெய்ததாக நம்பி யாராவது வேர்க்கடலை விதைத்துவிட்டால் என்ன செய்வது? தனி வரி வேண்டும். 'வாலாஜா இரண்டு' என்றார் போளூர். 'உள்ளறை' என்றார் ஒருவர். 'நடமாடும் வாலாஜா' என்றது திருவாலங்காடு, கூடவே ஒரு ஐஸ் வண்டிப் படமும் போட்டது. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கடைசியில் சோளிங்கர்தான் அவனையே கேட்டது.

"குணாளன்னே போடலாங்களா?"

"குழுவுல ஆள் பேரு கூடாது. ஊர்ப்பேருதான் விதி" என்றார் போளூர்.

"அது ஊருங்களுக்கு. புயலுக்கெல்லாம் பேரு வெக்கறாங்க இல்ல, அப்ப வாய மூடிட்டுதானே இருக்கீங்க?" என்றது சோளிங்கர்.

போளூர் "சரி" என்று மட்டும் எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து சோளிங்கருக்கும் வந்தவாசிக்கும் நடுவில் குணாளனுக்கு ஒரு வரி.

திங்கட்கிழமை காலை மழை வரவில்லை. அவன் விடிவதற்கு முன்பே எழுந்து மானியைக் காலடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எட்டு மணி ஆனது. கூரையைப் பார்த்தான். சந்தோஷமாக இருந்து பார்த்தான், துக்கமாக இருந்து பார்த்தான். ஒரு துளி இல்லை. நேற்றுத்தான் இத்தனை பேர் சேர்ந்து இடம் விட்டுக் கொடுத்தார்கள், முதல் நாளே வெறுங்கையோடு போய் நின்றால் என்ன நினைப்பார்கள், எல்லாம் பேத்தல் என்று நினைக்க மாட்டார்களா?

"இன்னிக்கு ஒண்ணும் வரலக்கா."

"அதுக்கு?"

"இன்னான்னு போடறது?"

"வரலன்னா வரலன்னு போடு" என்றாள் வனஜா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "காஞ்சிபுரத்துக்காரங்க போடல?"

எட்டரை ஆனது. ஊர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. குணாளனும் எழுதினான். குணாளன்: பூஜ்யம். அனுப்பிவிட்டுப் போனை மடியில் கவிழ்த்து வைத்தான். ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தான். என்ன ஆச்சு என்று கேட்பார்கள், திருவாலங்காடு ஏதாவது சொல்லும், போளூர் மானியைச் சரியாக வைத்தீர்களா என்று கேட்பார்.

திருப்பிப் பார்த்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவனுக்குக் கீழே வந்தவாசி: பூஜ்யம் என்று வந்திருந்தது. செய்யாறு: பூஜ்யம். ஆரணி: இரண்டு, அதற்கு மட்டும் திருவாலங்காடு கைதட்டியிருந்தது. போளூர்: பூஜ்யம். பள்ளிப்பட்டு: பூஜ்யம். அடுத்தடுத்து ஊர்கள் வந்து விழ விழ அவன் வரி மேலே மேலே ஏறிப் போனது. ஏறிப் போவதையே பார்த்துக்கொண்டு, அது திரையின் விளிம்பைத் தாண்டி மற்ற பூஜ்யங்களோடு மறையும்வரைக்கும், குணாளன் உலர்ந்த சட்டையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.